தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு

எழுபத்தொன்று என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அஞ்சலாட்சி கையிலிருந்த சீட்டை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். எண்பத்தாறுதான். காலை எட்டு மணியிலிருந்து பார்த்துப் பார்த்துச் சீட்டின் ஓரம் வியர்வையில் ஊறிப்போயிற்றே தவிர எண் மாறுகிற வழியாக இல்லை. இன்னும் பதினைந்து பேர், உள்ளே மேசை இரண்டு, ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் முக்கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும், சட்டக் கல்லூரியின் மூன்று வருஷப் படிப்பில் தனக்கு இடம் உண்டா இல்லையா என்பது. நாற்பத்திரண்டு வருஷம் கழிந்தவளுக்கு முக்கால் மணி நேரம் ஒரு பெரிய விஷயமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொன்னதை வயிறு நம்பவில்லை. தாழ்வாரத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் முழுக்கச் சின்னஞ்சிறுசுகள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிரித்துக்கொண்டு. சற்று முன்னால் ஒரு பெண் அவளிடம், "ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ள போயிருக்காங்களா?" என்று கேட்டாள். அஞ்சலாட்சி ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். ஏன் ஆட்டினோம், நான்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னால் என்ன குடியா முழுகிவிடும், இல்லாத பெண்ணை ஏன் உள்ளே அனுப்பினோம், இனி அந்தப் பெண் பார்க்கும்போது தன் எண்ணைக் கூப்பிட்டால் எப்படி எழுந்து போவது, இப்படி ஒரு தலையாட்டலுக்கு இவ்வளவு கணக்கு ஓடியது மண்டைக்குள். பக்கத்து நாற்காலியில் ரெஜினா பையைத் திறந்து முறுக்கு எடுத்து நீட்டினாள். திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறவள், அஞ்சலாட்சியைவிட ஒன்பது வயது சின்னவள், கையில் எண்பத்தேழாம் சீட்டு. "சாப்புடுக்கா. காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ," என்றாள். அஞ்சலாட்சி வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள், முறுக்கும் சீட்டோடு சேர்ந்து வியர்த்தது.

சிக்கல் இதுதான், பத்து நாளாக அதை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். ஊர் உலகத்தில் எல்லோரும் பத்தாவது படிப்பார்கள், பிறகு பிளஸ் டூ, பிறகு பட்டம். அஞ்சலாட்சி பத்தாவது முடித்தாள், பட்டம் வாங்கினாள், அதற்கும் நாலு வருஷம் கழித்து பிளஸ் டூ எழுதினாள். மாடி கட்டிக் குடியேறிவிட்டு அப்புறம் அஸ்திவாரம் தோண்டின கதை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், கோர்ட்டு வாசலில் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அன்றைக்கு ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் சிரிக்கவில்லை, பள்ளிக்கூடம் விட்டவர்களே கவலை வேண்டாம், நேரடியாகப் பட்டம், ஒரே ஒரு நுழைவுத் தேர்வு போதும் என்று அது அழைத்தது, அத்தனை கதவும் சாத்திக்கிடந்த வீட்டில் யாரோ கொல்லைப்பக்கமாகத் தாழ்ப்பாளைத் தளர்த்தின மாதிரி இருந்தது அவளுக்கு. திறந்தவெளிப் படிப்பில் மூன்று வருஷம், பி.ஏ. வரலாறு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, வாடகைக் கவுன் போட்டு ஸ்டுடியோவில் போட்டோ. அவளேதான் ரெஜினாவையும் இழுத்தாள், "பிளஸ் டூ எதுக்குடி, நேரா பி.ஏ. சேந்துடலாம்" என்று சொன்ன வாய் இந்த வாய்தான். அதற்கப்புறம் யாரோ ஒரு மகராசன் சொன்னான், பிளஸ் டூ இல்லாத பட்டம் எந்த வேலைக்கும் செல்லாதென்று. சரி, அதையும் எழுதிவிடுவோம் என்று இருவரும் தனித்தேர்வராகப் போய் உட்கார்ந்தார்கள். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர், "பேரண்ட்ஸ் எல்லாம் வெளிய போங்க" என்று அஞ்சலாட்சியைப் பார்த்துத்தான் சொன்னார். இப்போது கையில் மூன்றும் இருக்கிறது, ஒன்றும் பாக்கியில்லை. ஆனால் கல்லூரி கொடுத்த விளக்கக் குறிப்பேட்டில் பதினான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில், இந்த மூன்றையும் இதே வரிசையில் முடித்தவர்கள் மட்டும் என்று ஒரு வரி இருந்தது. இதே வரிசையில். பத்து நாளைக்கு முன் அதைப் படித்தவள் பக்கத்தை மூடினாள், மறுபடி திறந்தாள், வரி அங்கேயே இருந்தது. ரெஜினாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள், பத்தாம் நாள் இரண்டு பேருமாகப் பஸ் ஏறிவிட்டார்கள்.

எழுபத்து நாலு. தாமதம் என்றால் அவளுக்குத் தெரியாததா. வக்கீல் ஜெகதீசன் ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு மட்டுமே ஆயிரத்துக்கு மேல் எழுதியிருப்பாள். கெடு தப்பிப் போய்ச் சேருகிற எந்த வழக்குக்கும் அந்த மனு வேண்டும், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். காரணத்துக்கு எங்கே போவது. உண்மைக் காரணம் என்று ஒன்றை எந்தக் கட்சிக்காரன்தான் கொண்டுவருகிறான், மறந்துட்டேன் என்பான், பஸ் காசு இல்லை என்பான், சாமி கும்பிடப் போயிட்டேன் என்பான். அதனால் தாலுகா கோர்ட்டில் எல்லாருக்கும் ஒரே வியாதி. மனுதாரர் மேற்படி காலத்தில் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தபடியால் உரிய காலத்தில் வர இயலவில்லை, தாமதம் வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல. காமாலை என்றால் மாதக்கணக்கில் படுக்கலாம், நாட்டு வைத்தியம் என்றால் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்க மாட்டார்கள், நீதிபதிக்கும் தெரியும், எதிர்க்கட்சி வக்கீலுக்கும் தெரியும், நாளைக்கு அவருக்கும் இதே காமாலை வேண்டியிருக்கும். கடோத்கஜன் மாதிரி வந்து நிற்கிற ஆளுக்கும் அஞ்சலாட்சி காமாலை போட்டு அனுப்பியிருக்கிறாள். இப்போது தனக்கே ஒரு மனு எழுதிப் பார்த்தாள். பத்தாவது தேறின நாளிலிருந்து பிளஸ் டூ தேறின நாள்வரை இருபத்துமூன்று வருஷத் தாமதம். நாளுக்கு ஒரு காரணம். முதல் நாள், மேல்நிலைப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர். இரண்டாம் நாள், அண்ணன் டி.சி. வாங்கப் போகவில்லை. மூன்றாம் நாள், அண்ணன் போனான், ஆபீஸ் ரூம் பூட்டியிருந்தது. நாலாம் நாள் மழை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று யோசித்தால் ஒன்றுமே நடக்கவில்லை, வெறுமனே அடுத்த நாள் வந்தது, அதற்கடுத்த நாள் வந்தது, அந்த வருஷமே ஒருவன் பெண் பார்க்க வந்தான், கட்டினான், ஏழு வருஷம் இருந்தான், போனான். இதையெல்லாம் எந்தப் பத்தியில் எழுதுவது. வேண்டாம் என்று யாராவது தடுத்திருந்தால்கூட எழுத ஒரு காரணம் இருந்திருக்கும், யாரும் தடுக்கவும் இல்லை.

"எழுபத்தேழு. எழுபத்தெட்டு ரெடியா இருங்க." ஒரு பையன் உள்ளேயிருந்து குதித்துக்கொண்டு வந்தான், வாசலிலேயே அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மாவுக்குப் போன் போடுகிற வயதில் வந்திருக்க வேண்டும். வக்கீலாக வேண்டும் என்கிற இந்தப் பைத்தியம் தனக்கு எப்போது பிடித்தது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அது ஒரு செவ்வாய்க்கிழமை, அழகம்மாள் என்கிற பெண்ணின் ஜீவனாம்ச வழக்கு. சார் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். வழக்கைக் கூப்பிட்டார்கள். அஞ்சலாட்சி எழுந்து நின்றாள், அந்த வழக்கில் எந்தத் தாளில் எந்த வரி இருக்கிறது என்பதுவரை அவளுக்கு மனப்பாடம், எழுதினதே அவள்தான். "ஐயா, சார் வந்துகிட்டே இருக்காங்க, ஒரு அஞ்சு நிமிஷம்," என்றாள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். குமாஸ்தா என்றாள். "குமாஸ்தா பேசக் கூடாது. உட்காருங்க." உட்கார்ந்தாள். தள்ளுபடி என்ற சொல் வந்தது. அழகம்மாள் நீதிபதியைப் பார்க்கவில்லை, திரும்பி அஞ்சலாட்சியைப் பார்த்தாள், எல்லாம் தெரிந்த நீ ஏன் உட்கார்ந்துவிட்டாய் என்று. அந்தப் பார்வையைக் கழுவ முடியவில்லை இன்றுவரை. பிறகு வழக்கை மறுபடி எடுக்க மனு எழுதினாள், ஆயுசில் ஒரு நாள் காய்ச்சல் என்று படுக்காத அழகம்மாளுக்கு மூன்று மாதக் காமாலை போட்டாள். இப்போது ஆபீசில் ஜூனியராக வந்திருக்கிற பிள்ளைக்கு இருபத்துநாலு வயது. அவள் எழுதுகிறாள், அவன் கையெழுத்துப் போடுகிறான், எழுந்து நின்று அவள் எழுதினதைத் தப்பும் தவறுமாக வாசிக்கிறான். சாருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்த வருஷம் ஆபீஸை மூடிவிடுவார். இந்த இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையிடம்தான் போய் நிற்க வேண்டும், சார் என்று கூப்பிட்டுக்கொண்டு. கிடைத்தால் மூன்றே வருஷம், நாற்பத்தைந்து வயதில் எழுந்து நிற்கலாம். நீங்க யாரு என்று யாராவது கேட்க வேண்டும், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை, வேறு ஒரு மண்ணும் வேண்டாம்.

எண்பத்தொன்று கூப்பிட்டபோது கதவு திறந்துகொண்டது, உள்ளே கொஞ்சம் தெரிந்தது. முதல் மேசையில் ஒரு அம்மாள், நரைத்த கொண்டை, ஒவ்வொரு தாளையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர். இரண்டாவது மேசையில் ஒரு இளைஞன், ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் முத்திரை குத்தித் தள்ளிக்கொண்டிருந்தான். எந்த மேசை காலியாகிறதோ அங்கே அடுத்த எண். யாருக்கு எந்த மேசை என்பது தலையெழுத்து. அம்மாள் என்றால் தேதியைப் பார்ப்பார், இளைஞன் என்றால் பார்க்காமல் போகலாம். காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே அவள் இரண்டு பேர் ஃபைலையும் வாங்கித் தாள்களை வரிசையாக அடுக்கினாள், மேலே பத்தாவது, அடுத்து பிளஸ் டூ, அடியில் பட்டம். பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. ரெஜினா, "நீ அடுக்குனா அடுக்குனதுதாங்க்கா, ஜட்ஜுகூட கலைக்க மாட்டார்," என்றாள். அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. ரெஜினாவின் நீல ஃபைலில் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருந்தது, அஞ்சலாட்சியின் ஃபைலும் அதே கடை, அதே நீலம், படம் மட்டும் இல்லை. இவளுக்கும் அதே வரிசைதான், அதே தப்புதான், நான் போட்ட கோட்டில் நடந்து வந்தவள், இப்போதாவது சொல்லேன். சொன்னால் என்ன செய்வாள், அழுவாள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஒருவேளை அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் வீணாக அழ வைத்தவளாகிவிடுவோம். வாய் இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டிருக்கும்போதே மனசின் அடியில் வேறொன்று நெளிந்தது. இவளை முன்னால் அனுப்பினால் என்ன. முதலில் அவள் போகட்டும், என்ன கேட்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும், தெரிந்துகொண்டு போனால் பதில் தயாரித்துக்கொண்டு போகலாம். சீச்சீ என்றாள் தனக்குள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கல்லைப் போடுவார்கள், ஆளையா போடுவார்கள். எண்பத்திரண்டு. எண்பத்து மூன்று. சீச்சீ என்று சொன்னது சொன்னபடியே இருந்தது, நினைப்பும் நினைத்தபடியே இருந்தது.

"ரெஜினா," என்றாள் எண்பத்தைந்தைக் கூப்பிட்டபோது. "எனக்கு வயித்த கலக்குதுடி. பாத்ரூம் போய்ட்டு வந்துடறன். ஒருவேள அதுக்குள்ள கூப்ட்டா... நீ என் சீட்ட வச்சிக்கோ, உன்னுத என்கிட்ட குடு." ரெஜினா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "போய்ட்டு வாக்கா, நான் பாத்துக்கறன்," என்று சீட்டை மாற்றிக்கொண்டாள். சீட்டில் பேர் கிடையாது, எண் மட்டும்தான், மாற்றுவதில் ஒரு தடையும் இல்லை. அஞ்சலாட்சி பாத்ரூம் வரைக்கும் நடந்தாள், உள்ளே போகாமல் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், கை சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடி கழுவினாள். எண்பத்தாறு என்ற குரல் அங்கேயே கேட்டது. ரெஜினா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாதா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது. எந்த மேசை என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம். தேதியைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இரண்டு நிமிஷம். யாருக்காக வேண்டிக்கொள்கிறோம், ரெஜினாவுக்காகவா, பார்க்காத அதிகாரி தனக்கும் பார்க்காமல் இருப்பான் என்பதற்காகவா, இரண்டும் ஒரே வேண்டுதலில் பின்னிக்கொண்டு வந்தது, பிரிக்க முடியவில்லை. மூன்று நிமிஷம். கதவு திறந்தது. ரெஜினா முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், கை சில்லென்றிருந்தது. "குடுத்துட்டாங்கக்கா! ஒண்ணுமே கேக்கல. மூக்கு ஒழுவுற ஆளு, சும்மா டப்பு டப்புனு குத்திட்டு, ஃபைல வச்சிட்டுப் போங்க, ஆர்டர் தர்றன்னு சொல்லிட்டாரு. எல்லாம் உன்னாலதாங்க்கா." அஞ்சலாட்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நிஜமாகவே சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் சந்தோஷத்தின் முதுகில் ஒரு கணக்கு ஏறி உட்கார்ந்திருந்தது, அந்த மூன்று நிமிஷம் என்னுடைய சீட்டில் வந்தது என்று.

"எண்பத்தேழு." ஆன்ட்டி என்று கூப்பிட்ட பெண் ஆச்சரியமாகப் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல் எழுந்து போனாள். இளைஞன் மேசையில் இல்லை. மூக்கைச் சிந்துவதற்கோ சாப்பிடுவதற்கோ எழுந்துபோயிருந்தான். அவன் மேசையில் முத்திரை குத்தின ஃபைல்கள் அடுக்கியிருந்தன, எல்லாவற்றுக்கும் மேலே மாதா குழந்தையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க வாம்மா," என்றார் கொண்டை அம்மாள். ஃபைலை வாங்கினார். பத்தாவதை வெளிச்சத்தில் பிடித்தார், வைத்தார். பிளஸ் டூவைப் பிடித்தார். பட்டத்தை எடுத்தார். பிறகு பிளஸ் டூவை மறுபடி எடுத்து, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், தேதி மேல் விரல் போயிற்று, அந்த விரலில் ஒரு பவழ மோதிரம். பதினெட்டு வருஷமாக எத்தனையோ பேர் தாளை இப்படி வைத்துத் தப்பைக் கண்டுபிடித்தவள் அஞ்சலாட்சி, கண்டுபிடிக்கிற விரல் எப்படி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். "பி.ஏ. முன்னாடி வந்திருக்கேம்மா," என்றார் அம்மாள். குரலில் கடுமை இல்லை, கடுமை இருந்தால் தேவலை என்றிருந்தது. "திறந்தவெளில பண்ணினதா? அது படிப்பு இல்லன்னு நான் சொல்லல. விதிப்படி வரிசை மாறக் கூடாது. உங்களுக்குத் தகுதியில்லன்னுதான் எழுதணும்." அஞ்சலாட்சி நகரவில்லை. அப்படி நிற்கிறவர்களை அந்த அம்மாள் தினம் பார்த்திருப்பார், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, "நின்னு பிரயோஜனம் இல்லம்மா. இந்த மாதிரி வந்தவங்க யாருக்கும் நாங்க குடுத்ததே கிடையாது," என்றார்.

யாருக்கும் குடுத்ததே கிடையாது. அந்த வாக்கியத்துக்காகத்தான் எந்த வக்கீலும் காத்திருப்பான். இதே நிலையில் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் எப்படி மறுக்கலாம் என்று ஒரே ஒரு கேள்வி, அதைவிடப் பலமான வாதம் கிடையாது, எத்தனை மனுவில் அவளே அதை மூன்றாம் பத்தியில் வைத்து ஜெயித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த மேசையைப் பாருங்கள் மேடம், மேலே இருக்கிற ஃபைலைத் திறந்து பாருங்கள். கை நீட்டினால் எட்டுகிற தூரம். அது என் எண், எண்பத்தாறு என்னுடையது, அந்த முத்திரை எனக்கு விழ வேண்டியது, நான்தான் மாற்றிக் கொடுத்தேன். ஏன் மாற்றிக் கொடுத்தாய். அதைக் கேட்காதே. திறந்து பார்த்தால் எனக்குக் கொடுப்பார்களா, இல்லை அவளிடமிருந்தும் பிடுங்குவார்களா. பிடுங்குவார்கள், அது அவளுக்குத் தெரியாதா, பிடுங்குவதுதான் சுலபம். ஆனாலும் பேசலாம், கோர்ட்டுக்குப் போகலாம், ஒரு வருஷம் இரண்டு வருஷம் இழுத்து இரண்டு பேரும் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். வாயைத் திற. ஜென்மத்தில் முதல் தடவையாக உன் வழக்கு, நீயே பேசலாம், உட்கார் என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. நாக்கு எழுந்தது. கதவுக் கண்ணாடி வழியாக ரெஜினா தெரிந்தாள், இரண்டு பேர் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, எக்கிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. அழகம்மாள் திரும்பிப் பார்த்த அதே கண். முதலில் இவளைக் கல்லாகப் போட்டாய், இப்போது கல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். அஞ்சலாட்சி எழுந்த நாக்கைக் கடித்துக்கொண்டாள், நிஜமாகவே கடித்தாள், உப்புக் கரித்தது.

அம்மாள் சிவப்பு மையில் எழுதத் தொடங்கியிருந்தார். எழுதுகிறவர் பாதியில் நிறுத்தி, மனசு கேட்காமலோ என்னவோ, நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, பத்தாவது நல்ல மார்க்குதான எடுத்திருக்க. பிளஸ் டூவ அப்பவே எழுதிட்டா இந்த வம்பே இல்லையே. ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார்.

ஒன்பது கிலோமீட்டர், அண்ணன், பூட்டியிருந்த ஆபீஸ் ரூம், நாலாம் நாள் மழை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தது.

"மஞ்சள் காமாலைங்க மேடம்," என்றாள் அஞ்சலாட்சி.

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "இருபத்துமூணு வருஷமாவா?"

"ஆமாங்க மேடம்," என்றாள். "நாட்டு வைத்தியம் பாத்துகிட்டு இருந்தன்."